டயரின் ஓரம் தேயவில்லையாம்

போன தை மாதம், பொங்கல் விடுமுறை முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், ஜவளகிரியைத் தாண்டிக் காட்டோரமாகப் போகிற சாலையில் நடந்தது இது. யாரிடமாவது இதை நிதானமாகச் சொல்லி முடிக்க வேண்டும் என்று எத்தனையோ தடவை முயன்றிருக்கிறேன். பாதியிலேயே குரல் ஏறிவிடும். எழுதினாலாவது கத்தாமல் இருக்கலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

நாங்கள் இருப்பது மத்திகிரியில், வாடகை வீட்டில். நான் விருதுநகர் பக்கத்துப் பெண். கணவர் காவேரிப்பட்டினத்து விவசாயக் குடும்பம்; ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் சூப்பர்வைசர். குடிக்க மாட்டார், சீட்டாட மாட்டார். பைக் ஒன்றுதான் பைத்தியம். பல வருட ஆசைக்குப் பிறகு, இன்னொருவர் ஓட்டிய பெரிய டூரிங் பைக் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். நான் முறைத்ததைப் பார்த்ததும், "இது ரேஸ் வண்டி இல்ல. ரெண்டு பேரு பெட்டியோட கன்னியாகுமரி வரைக்கும் இடுப்பு வலிக்காம போற வண்டி. உனக்காகத்தான் வாங்கினேன்" என்றார். புருஷன்மார்கள் வழக்கமாக விடுகிற கதைதான். ஆனால் பொய் சொல்லக் கூடாது, எனக்கும் அந்த வண்டி பிடித்துப் போனது.

முக்கியமாக அந்த ஹெல்மெட். இரண்டு பேர் ஹெல்மெட்டிலும் சின்ன ஸ்பீக்கரும் மைக்கும் இருக்கும். எவ்வளவு காற்று இரைந்தாலும் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரிப் பேசிக்கொண்டு போகலாம். ஷிப்ட், சமையல், மகளின் வீட்டுப்பாடம் என்று வீட்டில் முகம் கொடுத்துப் பேசவே நேரம் இருக்காது. வண்டியில் ஏறினால் ஊர்க்கதை எல்லாம் பேசுவோம். நான் "மெதுவா" என்றால் உடனே மெதுவாவார். அப்படித்தான் இருந்தது, அந்தக் குழுவில் சேருகிற வரைக்கும்.

பெங்களூரிலும் ஓசூரிலும் பெரிய பைக் வைத்திருக்கிறவர்கள் ஞாயிறு விடிந்ததும் கிளம்புகிற குழு அது. அன்றைக்கு, "குடும்பத்தோட வரலாம்னு சொல்லியிருக்காங்க, வா" என்று கூப்பிட்டார். மகளைக் கீழ்வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு நானும் போனேன். போய்ப் பார்த்தால் குடும்பத்தோடு வந்தது நாங்கள் மட்டும்தான்.

தளியில் டீக்கடையில் நிறுத்தினார்கள். அங்கேதான் இவர்களுடைய அந்தச் சடங்கைப் பார்த்தேன். டீ வருவதற்கு முன்னாலேயே ஆளாளுக்கு அடுத்தவன் வண்டிக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்து டயரைப் பார்க்கிறார்கள். ஏதாவது பஞ்சரோ என்று நினைத்தேன். அப்புறம்தான் விஷயம் புரிந்தது. வளைவில் வண்டியை நன்றாகச் சாய்த்து ஓட்டினால் டயரின் ஓரம் தரையில் பட்டுத் தேயும். நிமிர்ந்து நிதானமாக ஓட்டினால் நடுப்பகுதி மட்டும் தேய்ந்து, ஓரம் புதுசாகவே இருக்கும். ஓரம் தேய்ந்தவன் வீரன். தேயாதவன் பயந்தாங்கொள்ளி. படித்து, கை நிறையச் சம்பாதிக்கிற ஆண்கள் ஒருவர் தைரியத்தை ஒருவர் இப்படி டயரைத் தடவிப் பார்த்து அளந்துகொண்டிருந்தார்கள்.

எங்கள் வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்தவன் அந்தக் குழுவின் தலைவன். பெங்களூரில் ஏதோ கம்பெனியில் பெரிய வேலை. கடைக்கே கேட்கிற மாதிரிச் சொன்னான்.

"என்னண்ணே, ஓரமெல்லாம் கடையில வாங்கின மாதிரியே இருக்குது. அண்ணிய ஏத்திட்டா வண்டி சாயாதா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் விடவில்லை.

"சாயாம ஓட்டுறதாலதான் தம்பி நான் இங்க உக்காந்து டீ குடிக்கிறேன்."

அதற்கும் சிரித்தார்கள். என் கணவர் மட்டும் என் முகத்தைப் பார்க்கவில்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். காது மடல் சிவந்திருந்தது. இந்த மனுஷனுக்கு ரோஷம் வந்துவிட்டது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

வண்டி கிளம்பியதும் ஹெல்மெட் பக்கவாட்டில் இருந்த பொத்தானை அவர் அமுக்குவதைப் பார்த்தேன். என் காதில் 'டக்' என்று ஒரு சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை. "ஏங்க, கேக்குதா?" என்றேன். பதில் இல்லை. ஏதோ கோளாறு என்று நினைத்தேன்.

ஜவளகிரி தாண்டியதும் ஆரம்பித்தார் பாருங்கள். அவ்வளவு நாள் அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன், அந்த மனுஷனை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். முன்னால் போகிறவர்களைப் பிடிப்பதற்காக வளைவுக்கு வளைவு சாய்த்தார். கால் வைக்கிற கம்பி தாரில் உரசுகிற சத்தம் கேட்டது. தோளைத் தட்டினேன். பிறகு குத்தினேன். மைக்கில் கத்தினேன். அவர் டாங்கின் மேல் படுத்த மாதிரிக் குனிந்துகொண்டார், அவ்வளவுதான்.

பின்னால் உட்கார்ந்து போகாதவர்களுக்கு ஒரு விஷயம் தெரியாது. வண்டி சாயும்போது பயந்துபோய் நாம் நிமிர்ந்தோமானால் வண்டி திசை மாறி வெளியே ஓடிவிடும். ஓட்டுகிறவர் சாய்கிற பக்கம் நாமும் சாய்ந்துதான் ஆக வேண்டும். அதாவது, எனக்குத் துளிகூட விருப்பமில்லாத அந்த வேகத்துக்கு நானே என் உடம்பைக் கொடுத்து உதவ வேண்டியிருந்தது. மகள் முகம் கண்முன் வந்து வந்து போனது. எங்கள் இரண்டு பேரையும் விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே அவர் சாய்ந்த பக்கமெல்லாம் சாய்ந்தேன். அந்த அவமானம் இருக்கிறதே, அது பயத்தைவிடப் பெரிது.

அப்போதுதான் சாலை ஓரத்தில் கல் வைத்து, அதன் மேல் பச்சைக் கிளை ஒன்று போட்டிருந்ததைப் பார்த்தேன். அவர் குனிந்திருந்ததால் அவர் தலைக்கு மேலாக எனக்கு நன்றாகவே தெரிந்தது. சாலையில் கிளை கிடந்தால் வளைவுக்கு அந்தப் பக்கம் கதிரோ கொள்ளோ பரப்பியிருக்கிறார்கள் என்று அர்த்தம். போகிற வண்டிச் சக்கரம் ஏறினால் மணி உதிரும் என்று இந்தப் பக்கம் எல்லா ஊரிலும் செய்கிறதுதான். கல்யாணமான புதிதில் அதை எனக்குச் சொல்லித் தந்தவரே என் கணவர்தான்.

"கிளை கிடக்குது, கிளை கிடக்குது" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

வளைவில் திரும்பினால் பாதிச் சாலைக்குக் கொள்ளுக்கொடி. ஓரத்தில் ஒரு அம்மா உட்கார்ந்து உதிர்ந்த மணியைக் கையால் கூட்டிக்கொண்டிருந்தார். அவர் வீட்டுக்காரர் கோலால் கொடியைப் புரட்டிக்கொண்டிருந்தார். கொள்ளு எவ்வளவு சின்ன மணி. சக்கரத்துக்கு அடியில் அது பேரிங் குண்டு மாதிரி உருண்டது. பின்சக்கரம் வழுக்கியது. அந்த அம்மா எப்படித்தான் பின்னால் பாய்ந்தாரோ. அவர் உட்கார்ந்திருந்த இடத்தின் மேலாகவே வண்டி படுத்தபடி இழுத்துக்கொண்டு போய் உழுத வயலில் இறங்கி நின்றது. நான் கொடிக்குவியலில் போய் விழுந்தேன். மணிக்கட்டு பிசகியது. கணவருக்கு முழங்காலில் சிராய்ப்பு. வேறொன்றுமில்லை. 

முன்னால் போனவர்கள் திரும்பி வந்தார்கள். வந்ததும் வண்டியைத்தான் பார்த்தார்கள். அப்புறம் கொள்ளு காயப்போட்ட அந்த இரண்டு பேர் மேல் பாய்ந்தார்கள். ரோட்டில் காயப்போட அறிவில்லையா, போலீசில் சொன்னால் என்ன ஆகும் தெரியுமா என்று ஒரே சத்தம். கணவனும் மனைவியும் தங்களுக்குள் தெலுங்கில் ஏதோ பேசிக்கொண்டார்கள். அந்த அம்மா எழுந்து சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். பிறகு எங்களிடம் தமிழில் கேட்டார்.

"காலையில இருந்து பஸ்ஸு போவுது, பால் வண்டி போவுது. எல்லாம் கிளையப் பாத்து மெதுவாதான் ஏறிப் போவுது. நீங்க எதுக்குப்பா என் மேல வர்றீங்க?"

ரோட்டில் பரப்புவது சரி என்று நான் வாதாட வரவில்லை. அதுவும் தப்புதான். ஆனால் ஒரு மனுஷியைக் கொன்றிருப்போம் என்ற நினைப்பே இல்லாமல் அவளிடமே கணக்குக் கேட்கிற திமிரை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நான் ஹெல்மெட்டைக் கழற்றிக் கணவர் காலடியில் போட்டேன்.

"நான் கத்துனது கேக்கலையா?"

அவர் தலையைக் குனிந்தார். "குரூப் ஆளுங்க பேசுற லைன்ல இருந்தேன். உன் லைன கட் பண்ணிட்டேன்."

"எதுக்கு?"

"நீ பயந்து கத்துவ. அவங்களுக்கும் கேக்கும். அதான்."

கோளாறு என்று நினைத்தேனே, கோளாறு இல்லை. என் உயிரைப் பின்னால் வைத்துக்கொண்டு என் வாயை மட்டும் மூடியிருக்கிறார். நான் கிளை கிடக்கிறது என்று கத்திக்கொண்டிருந்த நேரத்தில் அவர் காதில் என்ன கேட்டுக்கொண்டிருந்ததாம் தெரியுமா? "இன்னும் சாய்ங்கண்ணே, இன்னும் சாய்ங்க."

 அந்த நேரம் பார்த்து அந்தத் தலைவன் வண்டிக்குப் பின்னால் குனிந்து, சூழ்நிலையைச் சரிசெய்கிறானாம், சிரித்துக்கொண்டே சொன்னான்.

"விடுங்கண்ணி. அண்ணன் இன்னைக்கு ஓரம் வரைக்கும் தேச்சுட்டாரு."

கோபம் வந்தால் எனக்கு எங்கள் ஊர்ப் பேச்சு தானாக வந்துவிடும்.

"எந்திரிடா. டயரப் பாக்க வந்துட்டான். இந்தம்மா உக்காந்திருந்த எடத்தப் பாருடா. அவுகளுக்கு அடிபட்டுச்சான்னு ஒருத்தன் கேட்டீங்களா? நீங்கள்லாம் வீட்டுல இருந்து சோறு தின்னுட்டு வந்த மனுசங்கதானா? சிந்துன கொள்ளக் கூட்டிக் குடுத்துட்டுப் போங்கடா."

இன்னும் என்னென்னவோ சொன்னேன், அதையெல்லாம் இங்கே எழுத முடியாது. ஒருத்தரும் கூட்டித் தரவில்லை. போன் வந்த மாதிரி ஒருவன் நகர்ந்தான், லேட்டாகுது என்று இன்னொருவன். கொஞ்ச நேரத்தில் அத்தனை வீரர்களும் காணாமல் போனார்கள். என் கணவர் மட்டும் மண்டியிட்டு, வயலில் சிதறிய கொள்ளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். அந்த அம்மா ஒரு துணியை நனைத்து என் மணிக்கட்டில் சுற்றிவிட்டு, குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். நாங்கள் அவருக்குக் கொடுத்திருக்க வேண்டிய தண்ணீர் அது.

பஸ் வந்தது. கிளையைப் பார்த்ததும் மெதுவாகி, கொடியின் மேல் ஊர்ந்து வந்து நின்றது. நான் ஏறப் போனேன். கணவர் ஓடிவந்தார்.

"வண்டி ஸ்டார்ட் ஆவுது. ஏறு, மெதுவா கூட்டிட்டுப் போறேன்."

"மெதுவா போவீக. அது எனக்குத் தெரியும். நான் பேசுறது உங்க காதுல விழுகுமான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

 ஏறி உட்கார்ந்துவிட்டேன். கனத்த ஜாக்கெட்டும் பூட்ஸுமாக ஒரு பொம்பளை சந்தைக்கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுவதை பஸ்ஸே வேடிக்கை பார்த்தது. பார்க்கட்டும் என்று அழுதேன். வயிற்றெரிச்சலில் வந்த அழுகை அது.

குழுவை அன்றைக்கே விட்டுவிட்டார். மன்னிப்பும் கேட்டார், ஒருமுறை இல்லை, பலமுறை. வண்டியை விற்றுவிடவா என்றும் கேட்டார். விற்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வண்டி என்ன தப்பு செய்தது? வேலைக்கு அதில்தான் போய்வருகிறார், நல்ல பிள்ளை மாதிரிதான் ஓட்டுகிறார் என்று பார்த்தவர்களும் சொல்கிறார்கள். "அம்மா, நீயும் அப்பாவும் எப்போ பைக்ல போவீங்க?" என்று மகள் கேட்கும்போதெல்லாம் அவர் என் முகத்தையே பார்ப்பார். நான் அடுப்பைப் பார்த்துக்கொள்வேன்.

அவர் வேகமாக ஓட்டியதைக்கூட என்றைக்காவது நான் மறந்துவிடுவேன். தன்னை நம்பிப் பின்னால் உட்கார்ந்தவளின் குரலை நிறுத்திவிட்டு, யாரோ நாலு பேர் சிரிப்பைக் காதில் வாங்கிக்கொண்டு ஓட்டினாரே, அதை நினைத்தால் இன்றைக்கும் அந்தப் பின்சீட்டில் ஏற என் கால் வர மறுக்கிறது.