ஹெர்மீனாவின் சோப்புப் போடாத கைகள்

நான்கு வருஷமாக ஹெர்மீனாவின் கையில் சோப்பு பட்டதில்லை. சாம்பலைத் தேய்த்துக் குளிர்ந்த தண்ணீரில் அலசுவதோடு சரி. அவள் வேலை பார்க்கும் நாய்ப்பண்ணையில் கேப்டன் ரெஹாக் போட்ட உத்தரவு அது. கை வாசனை மாறினால் குட்டிகள் மிரண்டுவிடுமாம். கீழே ஊர்க்கடையில் ரொட்டிக்கு வரிசையில் நின்றால் முன்னாலும் பின்னாலும் பெண்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டு ஒரு முழம் தள்ளி நிற்பார்கள். தள்ளியே நில்லுங்களடி, எனக்குத்தான் காற்று வரும் என்று அவள் பாட்டுக்கு நிற்பாள்.

அதற்கு முன்பு அவள் கூட்டுப்பண்ணையில் பால் கறந்தவள். உதைக்கிற மாடும் அவள் கை பட்டால் அடங்கி நிற்கும் என்று பேர். அந்தப் பேர்தான் அவளை மலைமேல் இருந்த ராணுவ நாய்ப்பண்ணைக்குக் கொண்டுவந்து சேர்த்தது. எல்லைக் காவல் நாய்கள் ஏழெட்டு வயதிலேயே இடுப்பு விழுந்து படுத்துவிடுகின்றன, ஓநாய் ரத்தம் கலந்தால் பனியிலும் களைக்காமல் ஓடும் என்று மேலே யாருக்கோ தோன்றிவிட்டது. ஸோரா என்ற பெண் ஓநாயைக் கம்பி அடைப்புக்குள் வைத்து ஒரு ஜெர்மன் ஷெப்பர்ட் நாயோடு சேர்த்தார்கள். வசந்தத்துக்கு வசந்தம் ஓர் ஈற்று.

பிறந்த பத்தாம் நாள், கண் திறக்கும் முன், குட்டிகளைத் தாயிடமிருந்து எடுத்துவிட வேண்டும். ஸோரா தன் வளைக்குள் ஹெர்மீனாவைத் தவிர வேறு யாரையும் விடமாட்டாள். அதனால் எடுப்பதும் அவள்தான், புட்டியில் பால் புகட்டுவதும் அவள்தான். கண் திறந்ததும் குட்டிகள் முதலில் பார்க்கிற முகம் மனித முகமாக இருந்தால் மனிதருக்குப் பயப்படாதாம். இரண்டு மாதம் மடியிலும் தோளிலும் கிடந்தவற்றை ஒருநாள் லாரி வந்து எல்லைக்கு ஏற்றிக்கொண்டு போகும். அதற்கப்புறம் இரண்டு நாளைக்கு அவளுக்குத் தொண்டையில் சாப்பாடு இறங்காது.

போன குட்டிகள் என்ன ஆயின என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமோ என்ற பயம்தான்.

நான்காவது வசந்தத்தில் பதில் தானாகவே வந்தது. இரண்டாம் ஈற்றில் பிறந்த தைகா என்ற பெட்டையை லாரியில் திருப்பி அனுப்பியிருந்தார்கள். மூன்று சிப்பாய்களிடம் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஒருவனிடமும் ஒட்டவில்லை. மூன்றாமவனின் முன்கையைக் கிழித்துவிட்டது. லாரிக்காரன் கூண்டைத் திறந்துவிட்டு ஓடிப்போய் வண்டிக்குள் ஏறிக்கொண்டான். எலும்பும் தோலுமாக இறங்கிய தைகா நேராக முற்றத்தைக் கடந்து வந்தது. ஹெர்மீனாவின் ரப்பர் பூட்ஸ்மேல் தலையை வைத்துப் படுத்தது. இரண்டு வருஷம் கழித்து!

ஹெர்மீனா அதைக் கூண்டில் விட்டாள். நேரே ரெஹாக்கின் அறைக்குப் போனாள்.

"மத்ததெல்லாம் என்ன ஆச்சு? மறைக்காம சொல்லுங்க."

ரெஹாக் கெட்ட மனிதர் இல்லை. மிருக வைத்தியர். பொய் சொல்லத் தெரியாதவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பாதி சுட்டாச்சு. மூணு நாலு காட்டுக்குள்ள ஓடிப்போச்சு. ஒண்ணு சாப்பிடாமலே கிடந்து செத்துது. இந்த ரத்தம் அப்படி, ஹெர்மீனா. ஒரே ஒரு ஆளை மனசுல வச்சுக்கும். வேற ஆளே வேண்டாம்னுடும்."

"அந்த ஒரு ஆள் யாரு?"

அவர் அவள் கைகளைப் பார்த்தார். அவளும் அவற்றைப் பார்த்துக்கொண்டாள்.

"அப்போ பத்தாம் நாளே சிப்பாயை இங்க வரச் சொல்லுங்க. அவனே பால் குடுக்கட்டும், அவனே வளர்க்கட்டும்."

"சிப்பாய்க்கு ரெண்டு வருஷம்தான் சேவை. முடிஞ்சா வீட்டுக்குப் போயிடுவான். இது பன்னெண்டு வருஷம் உயிரோட இருக்கும். நடுவுல நான் யாரைக் கொண்டுவந்து நிறுத்தறது?"

"அப்படின்னா எதுக்குங்க இதைப் பெத்துக்க வைக்கிறோம்?"

அவர் மேசையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். தைகாவை முடித்துவிடும்படி உத்தரவு வந்திருக்கிறது. ஆனாலும் ஹெர்மீனா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகத் தன்னால் ஒரு கையெழுத்துப் போட முடியும். அதற்கு ஒரு நிபந்தனை. ஸோரா ஐந்து குட்டி போட்டு இன்றோடு எட்டு நாள். நாளை மறுநாள் ஹெர்மீனா வளைக்குள் இறங்கி அவற்றை எடுத்துத் தர வேண்டும், வழக்கம்போல வளர்த்தும் தர வேண்டும்.

சமையற்கட்டில் சமையற்காரர் இம்ரிக் முட்டைக்கோஸ் சூப்பைக் கிண்டிக்கொண்டிருந்தார். அந்தப் பண்ணையில் அவளோடு மனம்விட்டுப் பேசுகிற ஒரே ஆள் அவர்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கரண்டியை ஓங்கினார்.

"பைத்தியமா பொண்ணே உனக்கு? சரின்னு சொல்லிட்டு தைகாவை இழுத்துட்டு வீட்டுக்குப் போ! உன்னால ஒண்ணைத்தான் காப்பாத்த முடியும்னா அந்த ஒண்ணைக் காப்பாத்திக்கோ."

"அஞ்சைக் குடுத்து ஒண்ணை வாங்கறதா, மாமா?"

"அந்த அஞ்சும் உன்னை இன்னும் பார்க்கவே இல்லையே!"

"அதைத்தான் நானும் சொல்றேன். பார்த்துட்டா அப்புறம் வேற யார்கிட்டயும் ஒட்டாதுங்க" என்றாள் ஹெர்மீனா.

இரண்டு நாளும் அவள் தைகாவின் கூண்டிலேயே கிடந்தாள். தன் ரொட்டியைப் பிட்டுப் பிட்டு ஊட்டினாள். கூட்டிக்கொண்டு போனால் அடுப்புப் பக்கம் எங்கே படுக்க வைப்பது என்றுகூட யோசித்துவிட்டாள். மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அவள் கல்லில்லை. தைகாவை விட்டுவிட்டு நிம்மதியாக இருந்துவிடலாம் என்று ஒரு நிமிஷம்கூட அவள் நினைக்கவில்லை.

பத்தாம் நாள் காலையில் ரெஹாக் வளைக்கு வெளியே காத்திருந்தார். அவள் கம்பிக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டாள்.

"நான் எறங்க மாட்டேன்."

"யோசிச்சுத்தான் சொல்றீங்களா? தைகாவுக்கு என்ன ஆகும்னு தெரியுமில்ல?"

"தெரியும்."

அவர் குட்டிகளுக்காகக் கொண்டுவந்த கூடையைக் கீழே வைத்தார். அப்புறம், "அதுகிட்ட எங்களால நெருங்க முடியாது. கம்பிக்கு வெளிய இருந்து சுடத்தான் முடியும்" என்றார்.

"துப்பாக்கி வேண்டாம். ஊசி எடுத்துட்டு வாங்க. நான் பிடிச்சுக்கறேன்."

பிடித்துக்கொண்டாள். வேறு யார் பிடிக்க முடியும்? உலகத்தில் அந்தப் பிராணி நம்பிய கை அது ஒன்றுதான். தைகா மடியில் தலையை வைத்து, ஊசி இறங்கும்போதும் அசையாமல், அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் குனிந்து அதன் காதில் ஏதோ சொன்னாள்.

அன்று மத்தியானமே வேலையை விட்டுவிட்டுக் கீழே இறங்கினாள். போகிற வழியில் ஊர்க்கடையில் ஒரு சோப்புக் கட்டி வாங்கினாள். வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து முழங்கை வரைக்கும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள், சத்தமாக அழுதாள்.

ரெஹாக் வேறொரு பெண்ணை வரவழைத்தார். ஸோரா அவளை வளைவாசலிலேயே பல்லைக் காட்டித் துரத்திவிட்டாள். இரண்டு மூன்று நாளில் குட்டிகள் கண் திறந்துவிட்டன, தாயின் மடியிலேயே. ராணுவத்துக்கு உதவாது என்று ரெஹாக் மேலிடத்துக்கு எழுதினார். அத்தோடு விட்டிருக்கலாம். தலை போனாலும் போகட்டும் என்று தானே அலைந்து, நகரத்து மிருகக்காட்சிசாலையில் அவற்றுக்கு ஓர் இடம் பிடித்துக் கொடுத்தார். அதை மட்டும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி இம்ரிக் மூலமாக ஹெர்மீனாவுக்கு அனுப்பினார்.

அவள் மறுபடியும் பால் கறக்கப் போனாள். அடுத்த வருஷம் இலையுதிர்காலத்தில் ஒருநாள் லீவு போட்டு அந்த நகரத்துக்கு ரயிலேறினாள். கம்பிக்கூண்டு ஒன்றும் சொர்க்கமில்லை. அது அவளுக்கும் தெரியும். ஐந்தும் சாம்பல் நிறத்தில் நெடுநெடுவென்று வளர்ந்திருந்தன. வேலிக்கு அருகில் போய் நின்றாள். ஒன்றுகூட வாலை ஆட்டவில்லை. அவளைக் கண்டதும் ஐந்தும் எழுந்து, தூரத்துப் பாறைக்குப் பின்னால் போய், ஒன்றோடொன்று ஒட்டிப் படுத்துக்கொண்டன.

"கிட்ட வரவே வராதும்மா அதுங்க" என்றான் காவலாள், ஆறுதல் சொல்கிற மாதிரி.

"வர வேண்டாம்பா. நல்லா இருக்கட்டும்" என்றாள் ஹெர்மீனா. பெஞ்சில் உட்கார்ந்து, கொண்டுவந்திருந்த ரொட்டியை முழுசாகச் சாப்பிட்டு முடித்தாள். அன்று அவளுக்குச் சாப்பாடு இறங்கியது.