ஜவேர்பென் கேட்ட ஓட்டைப்பானை

ஜவேர்பென் குஜராத்தில் பாவ்நகரில் பிறந்தவள். பதினேழு வயதில் கல்யாணமாகி மாவ்ஜியின் பின்னால் தூத்துக்குடி ரயிலடியில் இறங்கினாள். மாவ்ஜி பஞ்சுத் தரகர். குடையும் கையுமாக ஊரெல்லாம் அலைகிற மனிதர். வந்த புதிதில் உப்புக்காற்றையும் புழுக்கத்தையும் திட்டித் தீர்த்தவள், பத்து வருஷத்தில் ஊர்க்காரியாகவே ஆகிப்போனாள். மார்க்கெட்டில் அவள் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசினால் காய்க்காரிகளே வாயை மூடிக்கொள்வார்கள். பருப்பில் வெல்லம் போடுகிற பழக்கத்தை மட்டும் விடவில்லை. அதைப் பற்றி யாராவது வாயைத் திறந்தால் பொசுக்கென்று கோபம் வந்துவிடும்.

அடுத்த வீட்டு வடிவம்மாளுக்கோ அந்தப் பருப்பைச் சீண்டாமல் பொழுது போகாது. மளிகைக்கடை வீரபாகுவின் மனைவி அவள். "ஏளா, இது சாம்பாரா பாயசமா?" என்பாள். ஆனாலும் ஜவேர்பென்னுக்கு அவள்தான் மதினி, அவள்தான் எல்லாம். யுத்தம் முடிந்த மறுவருஷம் ஜவேர்பென்னுக்குப் பிள்ளைவலி எடுத்தபோது, மருத்துவச்சி வந்து சேரும்வரை கையைப் பிடித்துக்கொண்டு கிடந்தது வடிவம்மாள்தான். உயிர் போய் உயிர் வந்தது. அப்போது ஜவேர்பென் குஜராத்தியில் ஒன்று முணுமுணுத்தாள். அம்பா தாயே, பிள்ளை பிழைத்தால் வருகிற நவராத்திரிக்கு என் வீட்டில் கர்போ வைக்கிறேன், இதோ இந்தக் கையைப் பிடித்துக்கொண்டே உன்னைச் சுற்றி வருகிறேன் என்பது வேண்டுதல். கைக்குச் சொந்தக்காரிக்கு அதில் ஒரு எழுத்தும் விளங்கவில்லை.

கர்போ என்பது ஒரு மண்பானை. சுற்றிலும் ஓட்டை போட்டு, உள்ளே நெய்விளக்கு ஏற்றி வைப்பார்கள். அவர்களுக்கு அதுதான் அம்பா. பெண்கள் கைதட்டிப் பாடிக்கொண்டு அதைச் சுற்றி ஆடுவார்கள். வருஷா வருஷம் ஒரு பெரிய சேட் வீட்டு மாடியில் நடக்கும். குஜராத்திப் பெண்களைத் தவிர வேறு யாரும் கண்டதில்லை. இந்த வருஷம் ஜவேர்பென்னுக்கென்று ஊரிலிருந்து வந்த பானை ரயிலிலேயே சில்லுச்சில்லாகிவிட்டது. இங்கே பானை செய்ய ஆளா இல்லை என்று நேரே காசிலிங்க வேளாரிடம் போனாள்.

"வேளாரே, ஒரு பானை வேணும். சுத்தி ஓட்டை போட்டுத் தரணும். நடுவீட்டுல வச்சு எல்லாரும் சுத்தி வருவோம். சீக்கிரம் வேணும்."

வேளார் முகம் சுண்டிப்போயிற்று. நம் பக்கத்தில் நல்ல பானையில் வேண்டுமென்றே ஓட்டை போடுவது ஒரே ஒரு காரியத்துக்குத்தான். செத்துப்போன தகப்பன் உடம்பைச் சுற்றி மகன் தண்ணீர்க்குடம் சுமந்து வரும்போது, சுற்றுக்கு ஒரு ஓட்டையாகக் கொத்திவிடுவார்கள். "நீங்க வீட்டுக்குப் போங்கம்மா, நான் பாத்துக்கிடுதேன்" என்று மட்டும் சொல்லி அனுப்பினார். அவர் மனைவி சந்தனமாரிக்கு வாய் நிற்குமா? சேட்டம்மா தெருவுக்குத் திரும்புமுன் செய்தி தெருவுக்கு வந்துவிட்டது.

ஜவேர்பென் அடுப்பைப் பற்றவைத்துத் தேப்லா ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். திபுதிபுவென்று நாலைந்து பெண்கள் உள்ளே நுழைந்தார்கள். முன்னால் வடிவம்மாள், தலைவிரி கோலமாக. "வாங்க மதினி, வாங்க வாங்க" என்று சிரித்தாள் ஜவேர்பென். சாவு விழுந்த துட்டி வீட்டில் வந்தவர்களை யாரும் வாங்க என்று சொல்வதில்லை. துக்கத்தில் இவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று வடிவம்மாளுக்கு உறுதியாயிற்று. அவளைக் கட்டிக்கொண்டு, "பச்சைப் பிள்ளையத் தவிக்க விட்டுட்டு மாவ்ஜி அண்ணாச்சி போயிட்டாரே" என்று மாரில் அடித்து அழத் தொடங்கினாள்.

அழுகை நன்றாகச் சூடுபிடித்த நேரத்தில் மாவ்ஜி அண்ணாச்சி மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து சேர்ந்தார். குடையை மடக்கி மூலையில் சாத்திவிட்டு, "யாரு செத்துப்போனா?" என்று கேட்டார்.

பெண்கள் கொண்டையை முடிந்துகொண்டார்கள். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவில்லை. பானைச் சங்கதி தெரிந்ததும் வடிவம்மாளுக்கு வந்ததே கோபம். "உயிரோட இருக்க மனுசனுக்கு ஒப்பாரி வைக்க வச்சிட்டியேளா. பாலகன் இருக்க வீட்டுல ஓட்டைப்பானையா? அது உள்ள வந்தா நான் இந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன், ஆமா."

ஜவேர்பென் ரொட்டிக்கல்லை இறக்கி வைத்தாள். "நீங்க மிதிக்காட்டா நான் அத வச்சு என்ன பிரயோசனம் மதினி?" என்றாள். பிள்ளைவலியில் முணுமுணுத்ததை அப்படியே தமிழில் சொன்னாள். சொல்லி முடிக்குமுன் அழுதுவிட்டாள். அன்றைக்கு அந்த வீட்டில் நிஜமாக அழுதது அவள்தான்.

வடிவம்மாள் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஓட்டைய எப்பப் போடுவாவ?"

"பச்சை மண்ணா இருக்கும்போதே, மதினி. சூளையில வைக்கதுக்கு முன்னாலயே."

"தண்ணி எடுப்பியளா அதுல?"

"சொட்டுத் தண்ணி படாது. விளக்கு மட்டுந்தான்."

"அங்கன தண்ணி நிறைஞ்ச குடத்தையில்லா கொத்துதாவ. இது தண்ணியே காணாத பானை" என்று தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு வடிவம்மாள் எழுந்தாள். அன்று சாயங்காலமே வேளார் வீட்டுக்குப் போய்ப் பானைக்குச் சொன்னாள். தெருவையே அழவிட்டதற்காகச் சந்தனமாரியையும் வாங்கு வாங்கென்று வாங்கினாள்.

நவராத்திரி முதல் நாள், விளக்கு வைக்கிற நேரம். கூடத்து நடுவில் கர்போ எரிந்தது. சுவரெல்லாம் பொட்டுப் பொட்டாக வெளிச்சம். குஜராத்திப் பெண்கள் பாடிக்கொண்டு சுற்றத் தொடங்கினார்கள். வாசற்படியைத் தாண்டி வந்த வடிவம்மாள் கதவோரத்திலேயே நின்றுவிட்டாள். என்னதான் மனசைத் தேற்றிக்கொண்டாலும், போன வருஷம் அப்பாவைக் கொண்டுபோன அன்று அண்ணன் தோளில் ஏற்றிய குடம் கண்ணுக்குள் வந்து நின்றது. ஜவேர்பென் அவளைக் கூப்பிடவில்லை. கையை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றாள்.

வடிவம்மாள் பானையைப் பார்க்கவில்லை. ஜவேர்பென்னின் முகத்தைப் பார்த்தபடியே போய் அந்தக் கையைப் பிடித்தாள். இருவருக்கும் கைதட்ட வழியில்லை. மற்றவர்கள் தட்டினார்கள், இவர்கள் நடந்தார்கள். மூன்றாவது சுற்றில் வடிவம்மாளின் கை சில்லிட்டுப்போயிற்று. மூன்றாவது சுற்றோடு குடத்தை உடைத்துவிடுவார்கள் என்று கேட்டு வளர்ந்தவள் அவள். ஜவேர்பென் பிடியை இறுக்கினாள். மூன்றும் முடிந்தது. பானை முழுசாக இருந்தது, விளக்கும் எரிந்தது.

"இன்னும் எத்தனை சுத்துளா?" என்றாள் வடிவம்மாள்.

"அதுக்குக் கணக்கே கிடையாது மதினி."

இருவரும் நாலாவது சுற்றுக்குப் போனார்கள்.