மோட்டார் சத்தம்

அப்பா வீடு வாங்கவில்லை, கிணறு வாங்கினார், வீடு அதோடு சேர்ந்து வந்தது என்று அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். அது முழுக்கப் பொய்யும் அல்ல. ஹூஸ்டனிலிருந்து மேற்கே ஒன்றரை மணி நேரம் ஓட்டி, ஃப்ரீவேயை விட்டு இறங்கி, மாடுகள் மட்டுமே தலையைத் தூக்கிப் பார்க்கும் ஒரு சாலையின் கோடியில் இருந்தது எங்கள் ஐந்து ஏக்கர். விருந்தாளிகள் வந்தால் அப்பா அவர்களை உட்காரவே விடமாட்டார். நேராகப் பின்னாலிருந்த தகரக் கொட்டகைக்குக் கூட்டிப்போய், ஆழ்குழாய்க் கிணற்றின் வாயையும், பக்கத்தில் நின்ற சின்ன, மூடிய நீல நிறத் தண்ணீர்த் தொட்டியையும் சாமி சன்னதி மாதிரி காட்டுவார். பிறகு ஆளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர். லேசாக அழுகிய முட்டை வாசம் அடிக்கும். அங்கிள்களும் ஆன்ட்டிகளும் முகம் சுளிக்காமல் குடித்துவிட்டு, எல்லாம் மினரல்ஸ் என்பார்கள்.

அம்மாவும் அப்பாவும் பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர்கள். அப்பாவின் வீட்டில் தோட்டம் இருந்ததில்லை, அதனால் அவருக்கு அந்த ஆசை. அம்மாவின் வீட்டில் இருந்தது, அதனால் அவளுக்கு அந்தப் பயம். "எங்கப்பா போர் மேல போர் போட்டே காட்ட வித்தாரு. அதுக்குப் பயந்து இத்தன தூரம் வந்தா, நீங்க இங்கயும் ஒரு போரக் கட்டீட்டு அழுவறீங்க" என்பாள். அப்பா சிரிப்பார். அவர் விடிவதற்குள் ஆபீசுக்குக் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வருவார். நான் ஸ்கூல் பஸ் ஏறிவிடுவேன். ஃப்ரீவேயில் ஓட்டப் பயந்த அம்மா நாளெல்லாம் அந்த வீட்டில் தனியாக இருந்தாள். மாதம் ஒரு முறை ஹூஸ்டனில் ஹில்கிராஃப்ட் தெரு இந்திய மளிகைக் கடைக்குப் போகும்போது, பில் போடுகிற பெண்ணிடம் வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுக்கிற வரை பேசிக்கொண்டே இருப்பாள். எனக்கு வெட்கமாக இருக்கும். எனக்கு அப்போது ஒன்பது வயது.

கடைசியில் அவர்களுக்குள் ஒரு உடன்பாடு ஏற்பட்டது. சாப்பாட்டு மேஜையில், என் எதிரிலேயே. ஒரே ஒரு தடவை தண்ணீர் நின்றாலும் அம்மாவும் நானும் ஹூஸ்டனில் ஒரு அபார்ட்மென்ட்டுக்குப் போய்விடுவோம், அப்பா மறுபேச்சுப் பேசக்கூடாது. அப்பா யோசிக்காமல் சரி என்றார். அந்தக் கிணறு கைவிடும் என்று அவர் கனவில்கூட நினைத்ததில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அம்மாவுக்குக் காது அப்படி. சின்ன வயதில் அவள் வேலையே மோட்டார் சத்தத்தைக் கேட்பதுதானாம். வீட்டுக்குள் வேலை செய்துகொண்டே, தோட்டத்து மோட்டார் தண்ணீர் இழுக்கிறதா, வெறுமே சுற்றுகிறதா என்று சொல்லிவிடுவாளாம். எங்கள் காரில் ஒரு பெல்ட் தேய்ந்திருந்ததைக் மெக்கானிக்குக்கு முன்பே கண்டுபிடித்தவள் அவள்தான்.

அந்த வருடம் டெக்சஸே உறைந்தது. கரண்ட் போயிற்று. முதல் நாள் இரவே குழாயில் தண்ணீர் நின்றது. அப்பா ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, இது கரண்ட் இல்லாததால் நின்றது, கணக்கில் வராது என்றார். பனியைச் சுரண்டி கேஸ் அடுப்பில் உருக்கிக் கழிப்பறைக்கு ஊற்றினோம். நாங்கள் மூவரும் ஒரே மெத்தையில் படுத்திருந்தோம்.

ஒரு காலையில் கரண்ட் வந்தது. வெயிலும் வந்தது. தண்ணீர் மட்டும் வரவில்லை. அப்பா கொட்டகைக்கு ஓடினார். அவர் கத்துவது கேட்க வேண்டும் என்பதற்காக அம்மா சமையலறை ஜன்னலை அரையடி தூக்கி வைத்து, குழாயைத் திறந்துவிட்டுப் பக்கத்தில் நின்றாள்.

"வருதா?"

"இல்லீங்க."

பிரேக்கரை அணைத்துப் போட்டார். "வருதா?" கொட்டகைக்குள் இருந்த குழாய்களை அம்மாவின் ஹேர் டிரையரால் சூடாக்கினார். "வருதா?" அம்மா ஒவ்வொரு முறையும் ஒரே குரலில் இல்லீங்க என்றாள். தொட்டியில் இருந்த அளவு முள் நிறைவைக் காட்டியதாம். அப்பா அதை விரலால் தட்டிப் பார்த்து, முள் உறைந்து மாட்டிக்கொண்டது என்று தீர்மானித்தார். மோட்டார் ஓடவில்லை, ஆகவே கோளாறு மோட்டாரைத் தானாகப் போட்டு நிறுத்தும் சுவிட்சில்தான் என்றார். பிறகு வீட்டுக்குள் வந்து, நான் பள்ளிக்கூடத்துக்காக ஐஸ்கிரீம் குச்சிகளை ஒட்டிக் கட்டியிருந்த வீட்டின் கூரையிலிருந்து ஒரு குச்சியைப் பிய்த்துக்கொண்டு போனார்.

ஊர்ப்பக்கம் இது எல்லோரும் செய்வதுதான். ஸ்டார்ட்டர் பிடிக்காமல் விழுந்துகொண்டே இருந்தால், ஒரு குச்சியைச் செருகி அதன் பொத்தானை அமுக்கி வைத்துவிடுவார்கள். அப்பாவும் சுவிட்சின் மூடியைக் கழற்றிக் குச்சியைச் செருகினார். மோட்டார் உறுமியது. கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. அப்பா வெளியே வந்து இரண்டு கைகளையும் மேலே தூக்கினார். அவரை அவ்வளவு சந்தோஷமாக அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

"வருதா?"

"இல்லீங்க."

"ஓடட்டும் விடு. ஓட ஓட வரும்."

குடிக்கவும் சொட்டுத் தண்ணீர் இல்லை. டவுன் கடையில் தண்ணீர் லாரி வந்திருப்பதாக யாரோ செய்தி அனுப்பியிருந்தார்கள். அப்பா வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் வந்தார். "ஏம்புள்ள, சத்தத்தக் கேட்டுட்டே இரு. மாறுச்சுன்னா உடனே ஆஃப் பண்ணிரு. உன்ற காதுக்குத் தெரியாததா?"

அம்மா தலையாட்டினாள்.

அவள் என்னை முன்னால் உட்கார வைத்துச் சிக்கெடுக்க ஆரம்பித்தாள். தலை வாரி நாளாகியிருந்ததால் வலித்தது. உறுமல் சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. வெகு நேரத்துக்குப் பிறகு அது கொஞ்சம் மெலிந்து, கொசு காதருகில் வந்த மாதிரி ஆனது. சீப்பு என் தலையில் நின்றது. "அம்மா, வாட் ஹாப்பன்ட்?" என்று கேட்டேன். அவள் கொட்டகையையே பார்த்தாள். அப்புறம் எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து வாரினாள். இரட்டைப் பின்னல் போட்டு முடிக்கிற வரை எழவில்லை.

அப்பா தண்ணீர் கேன்களோடு வந்தபோது கொட்டகையில் சத்தமே இல்லை. கருகின வாசம் மட்டும் இருந்தது. அவர் நெடுநேரம் வெளியே வரவில்லை. வந்ததும் அம்மாவிடம் ஒன்றுதான் கேட்டார், சத்தம் மாறவில்லையா என்று.

"ஜன்னல் சாத்தியிருந்துச்சுங்க. குளுருச்சு."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு என்னுடைய பின்னலைப் பார்த்தார்.

சாயங்காலம், திறந்தே கிடந்த குழாய் இருமியது. காற்றும் துருவுமாகக் கக்கி, தண்ணீர் கொட்ட ஆரம்பித்தது. அப்பா ஓடிவந்து வாளியை வைத்தார். வாளி நிறைந்தது. அடுத்ததும் நிறைந்தது. மூன்றாவது பாதியில் நூலாகி நின்றது. அப்போதுதான் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். முள் பொய் சொல்லவில்லை. தொட்டி நிறைந்திருந்ததால்தான் மோட்டார் ஓடாமல் இருந்திருக்கிறது. தொட்டிக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு குழாய் உறைந்திருந்தது, அவ்வளவுதான். அரை நாள் வெயிலில் அது தானே இளகிவிட்டது. போக வழியில்லாத தண்ணீரைத் தள்ளித் தள்ளியே மோட்டார் கருகிப்போனது. அப்பா அந்த இரண்டரை வாளிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து அழுதார். எனக்குப் பயமாக இருந்தது. அம்மா பெட்டியை எடுத்துக் கட்டிலில் வைத்தாள்.

மோட்டார் மாற்றுகிறவர்கள் வர வாரக்கணக்கில் ஆகும் என்றார்கள். அதுவரைக்கும் என்று சொல்லித்தான் ஹூஸ்டனுக்குப் போனோம். திரும்பவில்லை. அப்பா வாக்குக் கொடுத்தபடி மறுபேச்சுப் பேசாமல் நிலத்தை விற்றார். பேச்சே குறைந்துபோனது அவருக்கு. பக்கத்து வீட்டிலெல்லாம் தமிழ் பேசினார்கள், ஆனால் அம்மா அவர்களோடும் பேசவில்லை. இன்று வரை அந்த அபார்ட்மென்ட்டில் இரண்டு பேரும் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். யாராவது குழாயைத் திறந்தால் இருவரும் ஒரு கணம் அந்தப் பக்கம் திரும்பிவிட்டு மறுபடி டிவியைப் பார்க்கிறார்கள்.

அன்று அம்மா ஜன்னலைச் சாத்தியபோது குளிருக்குத்தான் சாத்துகிறாள் என்று நினைத்தேன். வெளியே நல்ல வெயில். கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. அம்மா ஸ்வெட்டர்கூடப் போட்டிருக்கவில்லை.