லைகோபீன் தாளில் நான் சேர்த்த வரி

இரண்டாயிரமாம் ஆண்டுக்குப் பிந்திய சில வருடங்கள் பதுளை நகரில் ஒரு பாமசியில் வேலை செய்தேன். மருந்து கொடுப்பதோடு, ஆங்கிலத்தில் வரும் விளம்பரத் தாள்களைத் தமிழில் எழுதிக் கொடுப்பதும் என் பொறுப்பு. தேயிலைத் தோட்டத்தில் பிறந்து படித்தவள் என்பதால், லய வீடுகளில் வாழும் தொழிலாளர்களுக்குப் புரிகிற மாதிரி எழுதுவேன் என்று முதலாளிக்கு நம்பிக்கை. எனக்கும் அதில் பெருமை இருந்தது.

அப்போது லைகோபீன் கெப்சூல் புதிதாக வந்தது. தக்காளிக்குச் சிவப்பு நிறம் தருகிற சத்துதான் லைகோபீன். உடம்பின் செல்கள் பழுதாவதைக் குறைக்கிற அன்டிஒக்சிடன்ட் என்று அதன் ஆங்கிலத் தாளில் இருந்தது. ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள புரொஸ்டேட் சுரப்பிக்கு நல்லதாக இருக்கலாம், ஆனால் இன்னும் நிரூபிக்கப்படவில்லை என்றும் இருந்தது. நான் அப்படியே எழுதினேன்.

முதலாளி வாசித்துவிட்டுச் சிரித்தார். "இருக்கலாம், நிரூபிக்கலன்னு எழுதுனா யாரு வாங்குவா? புரொஸ்டேட் கேன்சரத் தடுக்கும்னு போடுங்க மிஸ்."

அது தவறு என்று எனக்குத் தெரியும். மறுத்துப் பேசவில்லை. மாற்றியதோடு நிற்காமல், "ஒப்பரேஷன் பயம் இனி வேண்டாம்" என்று சொந்தமாக ஒரு வரியையும் சேர்த்தேன். முதலாளி அதைத்தான் பெரிய எழுத்தில் அச்சடித்தார்.

நமுனுகுலப் பக்கத்துத் தேயிலை ஃபெக்டரி ஒன்றில் வேலை செய்த ராமையா, மாதாமாதம் வந்து அந்தக் கெப்சூலை வாங்கிப் போவார். எதற்கு என்று நான் கேட்டதேயில்லை. ஒரு நாள் அவருக்குப் பதிலாக மனைவி செல்லம்மா வந்தார்.

"அவருக்கு ரெண்டு நாளா ஒண்ணுக்கு சரியா போகலைங்க மிஸ். ரத்தமும் வருது. இந்த மாத்திரைய கூட்டிக் குடுக்கலாமா?"

"ஆஸ்பத்திரியில காட்டலையா?"

"போன வருசமே காட்டுனோம். சதை எடுத்து டெஸ்ட் பண்ணணும்னு டேட் குடுத்தாங்க. இந்தத் தாளப் படிச்சுட்டு, இதே போதும்னு போகாம இருந்துட்டாருங்க."

தாளை விரித்துக் காட்டினார். பெரிய எழுத்தில் என் வரி இருந்தது.

"இது மருந்தில்ல அக்கா, வெறும் சத்து. இன்னைக்கே அவர ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

"அப்ப இது பொய்யா? யாரு மிஸ் இப்பிடி எழுதுனது?"

"கம்பெனியில" என்றேன்.

அன்றே ராமையாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். புற்றுநோய் எலும்புவரை பரவியிருந்தது.

மூன்றாம் நாள் வார்டுக்குப் போனேன். அந்த வரியை எழுதியது நான்தான் என்று இருவரிடமும் சொன்னேன். செல்லம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். ராமையா மெதுவாகச் சொன்னார்: "நம்ம ஆளு பேசுற மாதிரியே இருந்துச்சும்மா. அதான் நம்பிட்டேன்."

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மிச்சமிருந்த தாள்களை முதலாளியின் கண்முன்னே கிழித்துப் போட்டுவிட்டு வேலையை விட்டேன். அடுத்த தைக்கு ராமையா இல்லை. சாவு வீட்டுக்கென்று பஸ் ஏறி, தைரியம் வராமல் பாதிவழியில் பசறையிலேயே இறங்கித் திரும்பிவிட்டேன்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். லைகோபீன் மேல் குற்றமில்லை. உறுதியாகத் தெரியாததை உறுதியாகச் சொன்னது என் குற்றம். சத்து மாத்திரை கேட்டு ஒருவர் வந்தால், உடம்புக்கு என்ன, டொக்டர் என்ன சொன்னார் என்று முதலில் கேளுங்கள்.

பதுளை பஸ் ஸ்டாண்டில் செல்லம்மாவை இரண்டு முறை கண்டிருக்கிறேன். இரண்டு முறையும் நான்தான் விலகிப் போனேன்.