கேட்காத வேட்டை வில்

எங்கள் பக்கத்தில் நிலாந்தினியைப் பலர் "அம்பு ரீச்சர்" என்றுதான் சொல்வார்கள். எங்கள் தீவில், ஊர்காவற்றுறைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் அவள் விளையாட்டு ஆசிரியை. நான் அங்கே வரலாறு படிப்பிக்கிறேன். இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போய் வருகிறவர்கள். அதனால் நடந்ததில் பாதியைக் கண்ணால் கண்டேன், மீதியை அவள் வாயால் கேட்டேன்.

பயிற்சிக் கல்லூரியில் வலைப்பந்து விளையாடி முழங்கால் விலகிப் போனவள் அவள். ஓடக்கூடாது என்று வைத்தியர் சொன்ன பிறகு, நின்ற இடத்தில் நின்று செய்யக்கூடிய விளையாட்டு எது என்று தேடி வில்லைத் தொட்டாள். அவள் பிடிப்பது கம்பவுண்ட் வில். இரண்டு நுனியிலும் சின்னக் கப்பிகள் இருக்கும். இழுக்கத் தொடங்கும்போது கை நடுங்கும் அளவுக்குக் கனக்கும். முழுக்க இழுத்ததும் கப்பி சுழன்று பாரத்தைத் தான் வாங்கிக்கொள்ளும். அப்போது மூச்சை அடக்கிக் குறி பார்க்கலாம். பாடசாலைக்குப் பின்னால் உள்ள வெளியில், பழைய இறப்பர் விரிப்புகளை அடுக்கிக் கட்டிய இலக்கில், பள்ளி விட்ட பிறகு தினமும் எய்வாள். மாகாணப் போட்டிகளில் இரண்டு முறை மூன்றாம் இடம் எடுத்தவள்.

சென்ற வருடம் அந்த வில்லின் வளைந்து கொடுக்கும் மேல் தட்டில் வெடிப்பு ஓடிவிட்டது. வெடித்த தட்டோடு இழுத்தால் முகத்துக்கே வந்துவிடும். புது வில் வேண்டும்.

போட்டி வில் புதிதாக வாங்க ஆசிரியைச் சம்பளத்தால் ஏலாது. அது அவளுக்குத் தெரியும். கொழும்புக்குப் போய், அங்கே பயிற்சி கொடுக்கும் குமாரி என்ற சிங்களப் பெண்ணின் பழைய வில்லை எய்து பார்த்தாள். நீளமான வில், ஆடாது. இழுக்கும் நீளமும் பாரமும் அவளுடைய கைக்கு அளந்தது போல. "இதுதான்" என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். விலையில் பாதி அவளிடம் இருந்தது. மற்றப் பாதிக்குக் கனடாவில் உள்ள எங்கள் ஊர்ச் சங்கமான கண்ணாப்புலம் ஒன்றியத்தைக் கேட்டாள். ஊர்ப் பிள்ளைகளின் விளையாட்டுக்கென்று வருடா வருடம் காசு சேர்க்கிறவர்கள் அவர்கள்.

ஒன்றியத் தலைவர் தம்பிராசா. அவர் கடலைக் கடந்து நாற்பது வருடம் இருக்கும். தொலைபேசியில் அவர் பேசியதை பஸ்ஸில் பக்கத்தில் இருந்து நானும் கேட்டேன்.

"பழசோ? ஆரோ பாவிச்ச சாமானை வாங்கிக் குடுத்தால் எங்களுக்கு என்ன மரியாதை, பிள்ளை?"

"ஐயா, பழசெண்டாலும் எனக்குப் பொருந்துற வில். நான் எய்து பாத்தனான்."

"நீர் ஒண்டுக்கும் யோசியாதையும். என்ர மகன் மான் வேட்டைக்குப் போறவன். அவனுக்குத் தெரியாத வில்லே?"

"ஐயா, வேட்டை வில் வேற, போட்டி வில் வேற. இழுவை எவ்வளவு, நீளம் எவ்வளவு எண்டு அனுப்பிவிடட்டோ?"

"ஓம் ஓம், அனுப்பும்" என்று வைத்துவிட்டார்.

அவள் அன்றிரவே அளவுகளை அனுப்பினாள். அதை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை.

வேட்டைக் காலம் முடிந்ததும் அங்கே மலிவு விற்பனை வருமாம். தம்பிராசாவின் மகன் தேனுஜன் கடைக்குப் போய், குறிகாட்டி, அம்புக்கூடு, அம்புகள் எல்லாம் ஒரே பெட்டியில் வரும் வேட்டை வில்லைத் தெரிவு செய்திருக்கிறான். குறைந்த காசுக்கு நல்ல பொருள்தான், அவனுக்கு. அவன் ஆறடி உயரம். மானின் விலாவைத் துளைக்கிற வில் அது. எழுபது இறாத்தல் இழுவை. அவ்வளவு பாரமான வில்லைப் போட்டியில் அனுமதிக்கவே மாட்டார்கள். எங்கள் நிலாந்தினியோ என் தோளுக்கு வரமாட்டாள்.

இதெல்லாம் போகட்டும். மரத்துக்கிடையில் மானுக்குத் தெரியாமல் இருக்க வேண்டும் என்று அந்த வில்லில் பச்சையும் மண்ணிறமுமாக இலைகளை அச்சடித்திருந்தார்கள். பட்டாளத்து உடுப்பின் நிறம். அந்த நிறத்தில் ஓர் ஆயுதத்தை, தீவுப்பகுதித் தமிழ்ப் பெண்ணின் பெயருக்கு, ஒரு சொல் சொல்லாமல் கப்பலில் அனுப்பி வைத்தார்கள்! கனடாவில் இருந்தால் யுத்தமும் சோதனைகளும் மறந்துவிடுமா?

பொதி கொழும்பில் சுங்கத்தில் தடுத்து வைக்கப்பட்டது. விளக்கம் சொல்ல அவளைக் கூப்பிட்டார்கள். பின்னேரம் வெளிக்கிட்டு, இரவு முழுக்க பஸ்ஸில் இருந்து, ஓர் அலுவலகத்துக் கதிரையில் பகல் முழுக்கக் காத்திருந்தாள். கடைசியில் தமிழ் தெரிந்த ஒருவர் வந்து கேட்டாராம்:

"இது வேட்டையாடுற வில். நீங்கள் என்ன வேட்டையாடப் போறீங்கள்?"

"எங்கட தீவில வேட்டையாட என்ன கிடக்கு, ஐயா? ஆடும் மாடும்தான். அதுவும் ஆரின்ரையோ வீட்டு ஆடு."

அவர் சிரித்தாராம். இவளுக்குச் சிரிப்பு வரவில்லை. எந்த ஊர், தகப்பன் என்ன செய்தவர், சகோதரர் எங்கே என்று கேள்வி நீண்டது. காணாமல் போன அண்ணனின் பெயரை அந்த மேசையில் வைத்துச் சொல்ல வேண்டி வந்தது. "நான் கேக்காத சாமானுக்காக என்ர அண்ணையின்ர பேரை நான் ஏன் அங்க போய்ச் சொல்லவேணும்?" என்று திரும்பி வந்து என்னிடம் கேட்டாள்.

விளையாட்டுக்குத்தான் என்று வில்வித்தைச் சங்கம் உறுதி கொடுத்த பிறகு வில்லை விட்டார்கள். ஆனால் ஊரில் இருந்த ஒன்றியத்து ஆட்கள் அதை அவள் கையில் கொடுக்கவில்லை. தம்பிராசா ஆவணியில் ஊருக்கு வந்து, விழா வைத்துத்தான் கொடுப்பாராம்.

பாடசாலை மண்டபத்தில் பதாகை கட்டினார்கள். மாலை, மங்கள விளக்கு, ஒலிபெருக்கி. தம்பிராசா வெள்ளை வேட்டியோடு வில்லைத் தூக்கிக் காட்டினார். படம் எடுக்கிறவர், "ரீச்சர், ஒருக்கால் இழுத்துப் பிடியுங்கோ" என்றார். அவள் பிடித்து இழுத்தாள். நாண் பாதி வழியில் நின்றது. கழுத்து நரம்பு புடைத்தது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"உந்தப் பெலத்தோடயோ போட்டிக்குப் போறீர்?" என்று தம்பிராசா பகிடி விட்டு, வில்லை வாங்கினார். "தாரும், நான் காட்டுறன்."

"ஐயா, இழுக்கிறதெண்டால் இழுங்கோ. அம்பில்லாமல் நாணை விட்டுப் போடாதேங்கோ. வில்லு சிதறிப் போகும்."

முன்வரிசையில் இருந்த எனக்கு அது தெளிவாகக் கேட்டது. அவருக்கும் கேட்டிருக்கும். அவர் படக்காரரைப் பார்த்துச் சிரித்தபடி, பல்லைக் கடித்துக்கொண்டு முக்கால்வாசி இழுத்தார். கை தாங்கவில்லை. விட்டுவிட்டார்.

வெடி வெடித்தது போல ஒரு சத்தம். முன்வரிசைப் பிள்ளைகள் கதிரைகளுக்குக் கீழே குனிந்துவிட்டார்கள். நாண் அறுந்து தொங்கியது. ஒரு கப்பி கோணிப் போயிற்று. கீழ்த் தட்டு நெடுக்காகப் பிளந்தது. அவருடைய முழங்கையில் ஒரு கீறல். அவ்வளவோடு தப்பியது அவர் செய்த புண்ணியம்.

அவர் முதலில் சொன்னது என்ன தெரியுமா? "முதலே வடிவாய்ச் சொல்லியிருக்கக் கூடாதோ, பிள்ளை? இவ்வளவு செலவழிச்சு அனுப்பின சாமான்!"

நிலாந்தினி ஒலிபெருக்கியை எடுத்தாள்.

"இந்த வில்லை நான் கேக்கேல்லை. நான் கேட்டது வேற. அளவு அனுப்பினனான், ஒருத்தரும் பாக்கேல்லை. இதுக்காகக் கொழும்பில போய்க் குற்றவாளி மாதிரி இருந்தனான். இப்ப சொல்லியும் கேக்காமல் உடைச்சது தம்பிராசா ஐயா. நான் இல்லை. இதைப் பிள்ளையளுக்கு முன்னால சொல்லவேணும் எண்டுதான் சொல்லுறன்."

மாலையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு இறங்கிப் போனாள். "நன்றி கெட்டவள்" என்று இரண்டு பேர் சொன்னார்கள். அதிபர் தம்பிராசாவின் முழங்கைக்கு மருந்து தேடினார். நான் எழும்பி அவளோடு போனேன். அன்றைக்கு என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

பிறகு சம்பளத்தில் கடன் எடுத்துக் குமாரியின் வில்லையே வாங்கினாள். குமாரி அதை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தாள். இந்த வருட மாகாணப் போட்டியில் நிலாந்தினிக்கு வெள்ளிப் பதக்கம்.

அடுத்த நாள் ஒன்றியத்தின் முகநூலில் ஒரு படம். விழா மேடையில் தம்பிராசாவும் அவளும் அந்த வேட்டை வில்லோடு நிற்கிறார்கள். கீழே, "எமது ஒன்றியம் அன்பளித்த வில்லினால் வெள்ளி வென்ற வீராங்கனை."

நான் பார்த்துக் கொதித்துப் போனேன். அவள் எந்த அலங்காரமும் இல்லாமல் கீழே எழுதினாள்: "இது பொய். அந்த வில்லில் நான் ஓர் அம்புகூட எய்ததில்லை." அழித்தார்கள். மறுபடியும் எழுதினாள். மறுபடியும் அழித்தார்கள். மூன்றாவது தடவை எழுதியதை அழிக்க முந்தி, காசு கொடுத்த பெண்கள் சிலர் கண்டுவிட்டார்கள். தான் கோப்பிக் கடையில் நின்று உழைத்துக் கொடுத்த காசு, அதற்கு என்ன நடந்தது என்று ஸ்காபரோவில் இருந்து ஜசிந்தா என்பவள் எல்லோருக்கும் முன்னால் கேட்டாள். அதன் பிறகு படம் காணாமல் போயிற்று. விளக்கமும் இல்லை, மன்னிப்பும் இல்லை.

பஸ்ஸில் அவளுக்குச் சொன்னேன்: "சரி, படத்தை அழிச்சிட்டார்தானே. விடு."

அவள் யன்னல் பக்கம் திரும்பாமல் என்னையே பார்த்தாள்.

"அது மட்டும் காணாது, அக்கா. அவர் அடுத்த ஆவணிக்கும் வருவார். அந்த மேடையில நிண்டு, தான்தான் உடைச்சனான் எண்டு அந்தப் பிள்ளையளுக்குச் சொல்லவேணும். அதுவரைக்கும் நான் கேட்டுக்கொண்டுதான் இருப்பன்."