மல்லிகா பிடித்த கயிறு

எங்கள் தோட்டத்தில் மல்லிகாவைத் தெரியாத ஆள் இல்லை. இப்போது அவளோடு நின்று பேசுகிற ஆள்தான் குறைவு. ஏன் அப்படி ஆனது என்று எழுதி வைக்கிறேன்.

கஹவத்தையிலிருந்து பஸ் ஏறி வந்தால் எங்கள் தேயிலைத் தோட்டம். கைவிட்டுக் கிடந்த ஒரு மலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, பராமரித்துக் கொழுந்து எடுங்கள் என்று லயத்து வரிசை வீடுகளில் இருந்த எங்கள் குடும்பங்களிடம் தோட்ட நிர்வாகம் விட்டது. மலை என்றால் மொட்டை மலை. நிழல் மரங்களை முன்பு தோட்டத்தை நடத்திய துரைமார் வெட்டி விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். எங்கள் பங்குக்கு நாங்களும் களையைக் கொல்லுகிற புல்லு மருந்தை அடித்து அடித்து மண்ணைச் சுட்ட ஓடு மாதிரி ஆக்கி வைத்திருந்தோம். மழை பெய்தால் மண் ஆற்றோடு போகும். வெயில் அடித்தால் தேயிலை கருகும்.

அந்த நேரத்தில் பள்ளிக்கூடத்துக் கஜந்தினி டீச்சர் நாலு பேரைச் சேர்த்து, மருந்தை விட்டு மரத்துக்கும் சருகுக்கும் மாறச் சொல்லிக் கொடுக்கிற ஒரு குழுவைத் தொடங்கினார். டீச்சருக்கு மாற்றல் வந்தது. மற்றவர்கள் கொழும்புக்கு வேலைக்குப் போனார்கள். மிஞ்சினது மல்லிகா ஒருத்தி. கொழுந்து எடுக்கிறவள். சம்பளமில்லாத வேலைக்கு ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்தாள்.

அவளுக்குப் பிரசங்கம் வராது. உச்சி வெயிலில் ஆளைக் கூட்டிப்போய்ச் செருப்பைக் கழற்றச் சொல்வாள். மருந்தடித்த மண்ணில் முதலில் நிற்க வேண்டும். பிறகு சருகு பரப்பிய அவளுடைய துண்டில்.

"எங்க நிக்க முடியுது? நான் ஒன்னும் சொல்லலங்க. காலுதான் சொல்லுது."

அதிகம் நக்கலடித்தவன் பக்கத்து லயத்து இராமசாமி. "ஏன் புள்ள, துரைமாரு வெட்டிப்புட்டுப் போனத நீ நட்டுக்கிட்டு வர்றியா? ஞாயித்துக்கெழமைல ஒனக்கு வீட்டுல சமையல் கிமையல் இல்லையா?"

"இருக்குண்ணே. இன்னிக்கி ஒங்க வீட்டுலதான் சாப்பாடு. குழி வெட்டி முடிச்சதும் கூப்பிடுங்க."

இராமசாமியின் பெண்சாதி தவமணி விழுந்து விழுந்து சிரித்தாள். அலவாங்கை எடுத்து முதல் குழியைத் தோண்டினவளும் அவள்தான். முதல் மரம் அவர்கள் துண்டில்தான் நின்றது. அன்று மல்லிகா அவர்கள் வீட்டில்தான் சாப்பிட்டாள். அன்றிலிருந்து இரண்டு பேரும் கூடப்பிறந்தவர்கள் மாதிரி.

ஏழு வருஷத்தில் மரங்கள் வளர்ந்து மலையை மூடின. மண் கறுத்தது. வெட்டின இடமெல்லாம் மண்புழு. பக்கத்து மலை காய்ந்து கிடந்த மாதத்திலும் எங்களுக்குக் கொழுந்து இருந்தது. கஹவத்தையில் மருந்து விற்கிற லாபிர் நானா மல்லிகாவைக் கண்டால் விடமாட்டார். "தங்கச்சி, ஒங்கட தோட்டத்து ஆக்கள் இந்தப் பக்கமே வாறல்ல. என்ட யாவாரத்துக்கு நீங்கதான் புல்லு மருந்து!"

போன வருஷம் மாசி மாதம், தவமணி துண்டில் நின்ற உயரமான மரத்தில் குளவி வந்து கூடு கட்டியது. பெரிய மலைத்தேனீ, எங்கள் ஆட்கள் குளவி என்றுதான் சொல்வார்கள். முறம் அளவுக்குத் தொங்கியது. குளவிக்கு ஆளைப் பறிகொடுக்காத தோட்டம் இந்தப் பக்கம் ஏது? பந்தம் கட்டிக் கொளுத்திவிடலாம் என்று ஆண்கள் கூடினார்கள்.

"வேணாங்க," என்றாள் மல்லிகா. "அதுக தங்கி இருக்கிறதுக இல்ல. மழை விழுந்தா தானா போயிரும். கொளுத்துனா மரமும் கருகும், கலைஞ்சது லயத்துக்குள்ளதான் வரும். மழை வரைக்கும் அந்தப் பக்கம் போகாம இருப்போம்."

ஆண்கள் முணுமுணுத்தார்கள். தவமணிதான் பந்தத்தைப் பிடுங்கி வாய்க்காலில் போட்டாள். "மல்லிகா சொல்லி எது பிசகியிருக்கு? போயி வேலையப் பாருங்க."

பங்குனியில் ஒரு நாள் காலையில், பெண்கள் கூட்டுக்கு எவ்வளவோ தள்ளிக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கிருந்தோ வந்த கழுகு கூட்டை அடித்தது. மலை முழுக்கக் குளவி. முன்னால் போனவர்களை ஓடச் சொல்லிக் கத்திக்கொண்டே வந்த தவமணி, கால் தடுக்கி விழுந்தாள். எழும்பவில்லை. எல்லோரும் கீழே ஓடிக்கொண்டிருக்க, மல்லிகா மட்டும் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மேலே ஓடினாள். இழுத்து வந்து கொழுந்து லொறியில் போட்டோம். தவமணி தலை மல்லிகாவின் மடியில் இருந்தது. கஹவத்தை ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பே மூச்சு நின்றுவிட்டது.

சாவு வீட்டில் மல்லிகா முகம் வீங்கி, கண் திறக்க முடியாமல் வாசற்படியில் கிடந்தாள். அவள் காதில் விழவேண்டும் என்றே ஒருத்தி சொன்னாள்: "மரத்த நட்டவளே வந்து மாரடிக்கிறா பாரு."

கருமாதி முடிந்து இராமசாமி அவள் வீட்டு வாசலில் வந்து நின்றான். நானும் கூடப் போயிருந்தேன்.

"புள்ள, ஒன்னைய நான் ஒரு சொல்லு சொல்லல."

"சொல்லுங்கண்ணே. சொல்லிட்டாக்கூடத் தேவல."

"மரம் நிக்கக் கூடாது. கொழுந்துக்குப் போனா அண்ணாந்து அண்ணாந்து பாக்க வேண்டியிருக்கு. என்னால முடியல."

"வெட்டுங்கண்ணே," என்றாள் மல்லிகா.

பேச்சு அவன் துண்டோடு நிற்கவில்லை. மலை முழுக்க வெட்டுவது என்று எல்லோரும் சேர்ந்து முடிவெடுத்தார்கள். சித்திரைக் கடைசியில் ஒரு வாரம் மழை பெய்து ஓய்ந்ததும் கோடரியும் மரம் அறுக்கிற வாளுமாகப் போனோம். தவமணி துண்டு மரத்தை அண்ணாந்து பார்த்தால், வெறும் தேனடைதான் தொங்கியது. ஒரு குளவி இல்லை. மழை விழுந்ததும் போய்விட்டது, மல்லிகா சொன்ன மாதிரியே. இருந்தும் இராமசாமி கோடரியை ஓங்கினான்.

மரம், தவமணி புதிதாகத் தேயிலைக் கன்று வைத்திருந்த பள்ளத்துப் பக்கம் சாய்ந்திருந்தது. பாதி அறுத்த பிறகு மல்லிகா வந்து மரத்தில் கட்டியிருந்த கயிற்றின் நுனியைப் பிடித்தாள்.

"இங்கிட்டு இழுங்க," என்றாள். "அங்கிட்டு விழுந்தா தவமணிக்கா வச்ச கன்னு நசுங்கிரும்."

இராமசாமி கோடரியைப் போட்டுவிட்டு வந்து அவளுக்குப் பின்னால் நின்று கயிற்றைப் பிடித்தான். மரம் பாதையில் விழுந்தது. கன்றுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த மரத்துக்கும் அவளே கயிறு கட்டினாள். எது எந்தப் பக்கம் விழும் என்று அவளுக்குத்தானே தெரியும், அவள் வைத்தது. பொழுது சாயும் வரைக்கும் பிடித்தாள். உள்ளங்கை தோல் உரிந்து கயிறெல்லாம் இரத்தம்.

இந்த வருஷச் சித்திரையில் அந்த மலையில் செருப்பில்லாமல் நிற்க முடியவில்லை. தவமணி வைத்த கன்றுகளில் பாதி கருகிவிட்டன. லாபிர் நானா கடைக்கு எங்கள் ஆட்கள் திரும்பவும் போகிறார்கள். மல்லிகாவின் ஞாயிற்றுக்கிழமை வீட்டோடு போகிறது.

கொழுந்து நிறுக்கிற இடத்தில் இராமசாமி அவளைக் காண்கிறபோதெல்லாம் ஒன்று கேட்பான்.

"சாப்ட்டியா புள்ள?"

"ஆமாண்ணே."

பிறகு கூடையைத் தூக்கிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் போய்விடுவார்கள்.