அவர்கள் ஓடவில்லை என்று சொன்னவர்

செவ்வாய்க்கிழமை காலை உத்தமபாளையம் பேருந்து நிலையச் சுவரில் புதிதாக ஒரு சுவரொட்டி இருந்தது. முதியோர் வகுப்பில் நான் எழுதப் படிக்கக் கற்று எட்டு மாதம்தான் ஆகிறது. எழுத்து கண்ணில் பட்டால் நின்று வாசித்துவிட்டுத்தான் நகர்வேன். அன்றும் ஆசையோடு கூட்டி வாசித்தேன். முதலில் ராயப்பன்பட்டி என்று வந்தது. அடுத்து வந்த பெயர் சூசைமாணிக்கம். மேலே ‘கண்ணீர் அஞ்சலி’ என்று இருந்ததை அப்போதுதான் கவனித்தேன். ஆனாலும் விடாமல் வாசித்தேன். பெயருக்குக் கீழே, ‘வங்கதேச விடுதலைப் போரில் எதிரியை ஓட ஓட விரட்டிய வீரர்’ என்று போட்டிருந்தார்கள்.

சூசை அண்ணனை அறிந்தவர்களுக்கு அந்த வரி பொய் என்று தெரியும். அறியாதவர்களுக்காக எழுதுகிறேன்.

அவரும் என் அண்ணன் ராசுவும் ஒன்றாகப் பட்டாளத்தில் சேர்ந்தார்கள். இரண்டு வீட்டுக்கும் இருபோக நெல் வயல். நடவும் அறுப்பும் சேர்ந்தே நடக்கும். போர் முடிந்து சூசை அண்ணன் மட்டும் வந்தார். ராசு அண்ணனின் தகரப் பெட்டியை எங்கள் வாசலில் இறக்கிவைத்து, “சண்டையில போயிட்டான், ஆத்தா” என்று அம்மாவிடம் சொன்னார். வேறு எதுவும் சொல்லவில்லை.

பிறகு ஒவ்வொரு டிசம்பரிலும் ஓய்வுபெற்ற படைவீரர் சங்கத்தார் கூட்டம் போடுவார்கள். நம்மைக் கண்டதும் எதிரி துண்டைக் காணோம் துணியைக் காணோம் என்று ஓடினான் என்பதே எப்போதும் பேச்சு. மறுநாள் டீக்கடையில் என்னைப் பிடித்துக்கொள்வார்கள்.

“ஏலே, ஓடுனவன் எப்படிலே ஒங்கண்ணனச் சுட்டான்? இவன் குறுக்க போயி விழுந்தானா?”

நானும் சிரித்து வைப்பேன். அம்மா கண்மூடும்வரை அந்தக் கேள்வி எங்கள் வீட்டில் கிடந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் அந்தக் கூட்டத்தில் எழுந்து அதே கேள்வியை நானே கேட்டுவிட்டேன். சங்கத் தலைவர் என்னை உட்காரச் சொன்னார். அப்போது மேடையின் ஓரத்திலிருந்து சூசை அண்ணன் எழுந்தார்.

“அவுக ஓடல. ரெண்டு நாளு நம்மள அங்கன நகர விடல. நல்லாச் சண்ட போட்டாக.”

தலைவர் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். சூசை அண்ணன் அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

பிறகு நடந்ததைச் சொன்னார். விளைந்த நெல்லுக்கு அப்பால் எதிரியின் பதுங்குகுழி. வரப்பில் போகாதீர்கள், நெல்லுக்குள் தவழ்ந்து போங்கள் என்று அந்த ஊர் விடுதலைப் படைக்காரர் ஒருவர் சைகையில் சொல்லியிருக்கிறார். லுங்கி கட்டியவன் நமக்குச் சண்டை சொல்லித் தருவதா என்று இவர்கள் சிரித்திருக்கிறார்கள்.

“அது மட்டுமில்ல. நாங்க பூராம் வயக்காட்டுப் பிள்ளைக. வெளஞ்ச நெல்ல மிதிக்கக் கால் வரல. வரப்புலயே போங்கடான்னு சொன்னது நான்தான். முன்னால ராசு. அவுக மெஷின் கன்ன அந்த வரப்புக்கு நேராத்தான் வச்சிருந்தாக.”

மறுநாள் அதே லுங்கிக்காரர் முன்னே தவழ, இவர்கள் பின்னே தவழ்ந்து போய்க் குழியைப் பிடித்தார்களாம். உள்ளே இருந்தவர்கள் கடைசித் தோட்டா வரை சுட்டார்களாம்.

சொல்லிவிட்டு இறங்கி வந்து என் முன்னால் நின்றார். நான் அடிப்பேன் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். என் கையும் இறுகித்தான் இருந்தது. வாயில் வந்தது வேறு.

“கடைசில அந்த நெல்லு என்னாச்சு, அண்ணே?”

“பூராம் மிதிச்சோம்யா. ஒரு கதிரு மிஞ்சல.”

அவர் அழுததை அன்றுதான் பார்த்தேன். அதற்குப் பிறகு அவரை யாரும் மேடைக்கு அழைக்கவில்லை. டீக்கடையில் என்னையும் யாரும் எதுவும் கேட்கவில்லை.

செவ்வாய் மாலை ராயப்பன்பட்டிக் கல்லறைத் தோட்டத்தில் ஆளுக்கொரு பிடி மண் போட்டோம். வெளிச்சுவரில் அதே சுவரொட்டி. பேனாவை எடுத்து, ‘எதிரியை ஓட ஓட விரட்டிய’ என்பதை அடித்தேன். பின்னால் தலைவரின் குரல், “என்னய்யா செய்றீக?” என்றது. நான் திரும்பவில்லை. திரும்பினால் எழுத்து தவறிவிடும். கூட்டம் கூடி நிற்க, ஒவ்வொரு எழுத்தாக மேலே எழுதினேன்: ‘எதிரி ஓடவில்லை என்று சொன்ன’.

தலைவர் கிட்டே வந்து வாசித்தார். கிழிக்கப்போகிறார் என்றே நினைத்தேன். பசை விட்டுத் தொங்கிய ஒரு மூலையை உள்ளங்கையால் அழுத்தி ஒட்டிவிட்டுப் போனார்.

போய் வாருங்கள், சூசை அண்ணே. ராசு அண்ணனைப் பார்த்தால், தம்பி எழுதக் கற்றுக்கொண்டான் என்று சொல்லுங்கள்.